ஸ்கோர் அட்டையில் இல்லாத விதி: பேஸ்பால் நிறக்கோடு பற்றிய நாவலை வாசிக்கும் முன்

சில வருடங்களுக்கு முன் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு ஆங்கில நாவல் வாங்கினேன். 1947-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் நடக்கும் கதை. வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த பேஸ்பால் அணியில் ஒரு கறுப்பின வீரர் சேர்கிறார். அதைப் பக்கத்துத் தெருச் சிறுவன் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாற்பதாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டேன். ஆட்டம் புரியவில்லை, அதனால்தான் ஒட்டவில்லை என்று நினைத்தேன்.

பிறகு ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு மறுபடியும் எடுத்தேன். அப்போதும் சில பக்கங்கள் வழுக்கிக்கொண்டே போயின. ஹோட்டல் குமாஸ்தா 'அறை காலியில்லை' என்று சொல்லும்போது அவன் முதுகுக்குப் பின்னால் வரிசையாகச் சாவிகள் தொங்குகின்றன. யாரும் சத்தம் போடவில்லை. யாரும் எந்தச் சட்டத்தையும் எடுத்துக் காட்டவில்லை. அணியினர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். இங்கே என்ன நடந்தது என்று புரியாவிட்டால் நாவலே புரியாது. அதைப் புரிந்துகொள்ள நிறக்கோடு என்றால் என்னவென்று தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இனப் பிரிவினை சட்டமாகவே இருந்தது. பள்ளி, ரயில் பெட்டி, குடிநீர்க் குழாய் எல்லாம் வெள்ளையருக்குத் தனி, கறுப்பினத்தவருக்குத் தனி. 'தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்று 1896-இல் உச்ச நீதிமன்றமே அதற்கு முத்திரை குத்தியது. ஆனால் மேஜர் லீக் எனப்படும் உச்சநிலைத் தொழில்முறைப் பேஸ்பாலின் 16 அணிகளும் பெரும்பாலும் வடக்கு நகரங்களில்தான் இருந்தன. நியூயார்க்கில் மட்டும் மூன்று, பாஸ்டனில் இரண்டு, சிகாகோவில் இரண்டு. அந்த ஊர்களில் கறுப்பின வீரரைச் சேர்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் கிடையாது. பேஸ்பாலின் விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஆனாலும் அறுபது வருடங்களுக்கு மேல் ஒருவர்கூடச் சேர்க்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தடைதான் நிறக்கோடு.

அதற்கு முன்பு சேர்ந்திருந்தார்கள் என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின கேட்சர் 1884-இல் டொலிடோ அணிக்காக மேஜர் லீக்கில் ஆடினார். அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரமான கேப் ஆன்சன், கறுப்பினத்தவர் இருந்தால் களமிறங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர். 1887-இல் இன்டர்நேஷனல் லீக் என்ற கீழ்நிலை லீக்கின் உரிமையாளர்கள் கூடி, இனிமேல் புதிதாகக் கறுப்பின வீரர்களை எடுப்பதில்லை என்று வாக்கெடுத்தார்கள். மற்ற லீக்குகள் பலவும் வாக்கெடுக்கக்கூட இல்லை, அப்படியே பின்பற்றின. இதற்கு 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று பெயர் வைத்தார்கள். கையெழுத்து இல்லாத ஒப்பந்தம். 1920 முதல் 1944-இல் இறக்கும்வரை பேஸ்பாலின் தலைமை ஆணையராக இருந்த கெனிசா மவுன்டன் லாண்டிஸ், அப்படி ஒரு விதியே இல்லை என்று 1942-இல் பகிரங்கமாகச் சொன்னார். விதிப் புத்தகத்தைப் புரட்டினால் அவர் சொன்னது சரிதான். மைதானத்தைப் பார்த்தால் அப்பட்டமான பொய்.

பேஸ்பாலைப் போல எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆட்டம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். 1947 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் யார் எத்தனை முறை பேட் பிடித்தார், யார் வீசிய பந்து யாரைக் கடந்து போனது என்பதையெல்லாம் இன்றைக்கும் எடுத்துப் பார்த்துவிடலாம். அதனால் நாவலாசிரியர் ஸ்கோரில் கை வைக்க முடியாது. வைத்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அந்த ஆட்டத்தில் யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்று தீர்மானித்த பெரிய விதி எங்கேயும் எழுதப்படவில்லை. அது ஒரு முகச்சுளிப்பில், தட்டப்படாத ஒரு கதவில், திடீரென்று நின்றுபோன பேச்சில் இருந்தது. வரலாற்றாசிரியர் சான்று தேடித் திணறும் அந்த இடத்துக்குள் நாவலால் நுழைய முடியும். இந்தப் பொருளில் நாவல் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் தெரிந்தவருக்கு அரை மணி நேரப் பாடம். கிரிக்கெட்டில் இரண்டு முனைகளுக்கு இடையே ஓடுகிறோம்; இங்கே வைர வடிவத்தில் நான்கு முனைகள், ஒன்றுக்கொன்று 90 அடி. பேட்டர் நிற்கும் முனைக்கு ஹோம் என்று பெயர். பந்தை அடித்துவிட்டு முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி மறுபடி ஹோமுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன். பிட்சர் வீசும் பந்து தரையில் படாமல் வரும். அடிக்கத்தக்க பந்தை அடிக்காமல் விட்டாலோ, வீசிய பேட்டில் பந்து படாமல் போனாலோ ஒரு ஸ்ட்ரைக்; மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். மூன்று பேர் அவுட்டானால் எதிரணியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். மேனேஜர் என்று நாவலில் வந்தால் அலுவலக நிர்வாகி என்று நினைத்துவிடாதீர்கள். களத்தில் யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்கிற தலைமைப் பயிற்சியாளர் அவர். அந்தக் காலத்தில் ஹெல்மெட் வழக்கத்தில் இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிட்சர் தலையைக் குறிவைத்து வீசினார் என்று ஒரு வரி வந்தால், துணித் தொப்பி மட்டும் போட்ட ஒரு தலையை நோக்கி வீசினார் என்று அர்த்தம்.

முதல் பேஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நாவல்களில் பாதி வலி அங்கேதான் இருக்கிறது. நிறக்கோட்டைக் கடந்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் ஏப்ரல் 15, 1947 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக முதன்முதலில் களமிறங்கியபோது அவரை நிறுத்திய இடம் முதல் பேஸ். அது அவருக்குப் பழக்கமான இடம் அல்ல. அங்கே நிற்பவர் ஒரு காலைப் பேஸ் மேல் வைத்துக்கொண்டு, கையை நீட்டி, சக வீரர் எறியும் பந்தைப் பிடிக்க வேண்டும். அவர் கண் பந்தின் மேல் இருக்கும். அதே நொடியில் எதிரணி ஆள் முழு வேகத்தில் அதே பேஸை மிதிக்க ஓடி வருவார். ஓடி வருபவரின் ஷூவுக்கு அடியில் உலோக முட்கள். அவர் கால் பேஸில் பட்டதா, நின்றவரின் குதிகாலில் பட்டதா, தவறிப் பட்டதா, வேண்டுமென்றே பட்டதா? ஸ்கோர் அட்டையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. 1947 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் அணியின் ஈனோஸ் ஸ்லாட்டர் ராபின்சனின் காலை அப்படித்தான் மிதித்தார். வேண்டுமென்று செய்யவில்லை என்றே ஸ்லாட்டர் சொல்லிவந்தார். நாவலில் முதல் பேஸ் காட்சி வரும்போதெல்லாம் மெதுவாக வாசியுங்கள். அந்தக் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த முதல் நாள் ஆட்டம் நாவலாசிரியருக்கு ஒரு தலைவலி. இவ்வளவு பெரிய நாளில் நாயகன் பந்தை அரங்கத்துக்கு வெளியே அடித்திருக்க வேண்டாமா? ராபின்சன் அன்றைக்கு ஒரு ஹிட்கூட எடுக்கவில்லை, அதாவது ஒரு முறைகூடத் தன் அடியால் பேஸைச் சேரவில்லை. புரூக்ளினின் எபெட்ஸ் ஃபீல்டு அரங்கம் நிரம்பவும் இல்லை. சுமார் 26,000 பேர், அதில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர் என்று மதிப்பிடுகிறார்கள். எதிரணி பாஸ்டன் பிரேவ்ஸ். ஏழாவது இன்னிங்ஸில் அவர் பந்தை ஓங்கி அடிக்காமல் மெல்லத் தட்டி வைத்துவிட்டு ஓடினார். அவரை அவுட்டாக்க எதிரணி எறிந்த பந்து அவர் மேலேயே பட்டு எங்கோ ஓடியது. அவர் இரண்டாம் பேஸ்வரை போய்ச் சேர்ந்து, அடுத்தவர் அடித்ததும் ஹோமுக்கு ஓடி வந்து ரன் எடுத்தார். டாட்ஜர்ஸ் 5-3 என்று வென்றது. மெல்லத் தட்டுவது, வேகமாக ஓடுவது, எதிராளியைப் பதற்றப்படுத்தித் தவறு செய்யவைப்பது: கறுப்பின லீக்குகளில் பழகிய ஆட்டமுறை அது. இந்த நாளை வெற்றி முழக்கமாக எழுதும் நாவலைவிட, ஒரு குளிர்ந்த மத்தியானத்தின் சாதாரண ஆட்டமாக எழுதும் நாவலையே நான் நம்புவேன்.

எல்லா நாவல்களிலும் தவறாமல் வரும் இன்னொரு காட்சி, ஆகஸ்ட் 28, 1945. டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியின் புரூக்ளின் அலுவலகம். ராபின்சனை அணியில் சேர்க்க அழைத்திருக்கிறார். அவருக்கு வரப்போகும் அவமானங்களை ரிக்கி நடித்தே காட்டுகிறார்: இடம் தர மறுக்கும் ஹோட்டல் குமாஸ்தாவாக, சோறு போட மறுக்கும் பணியாளாக, வாய்க்கு வந்தபடி திட்டும் எதிரணி ஆட்டக்காரனாக. திருப்பி அடிக்கக் கூடாது, திருப்பிப் பேசவும் கூடாது என்பதே அவர் போட்ட நிபந்தனை. ராபின்சன் ஒப்புக்கொள்கிறார்.

இங்கே பல நாவல்கள் சறுக்குகின்றன. ராபின்சனை இயல்பிலேயே சாந்தமானவர், பொறுமையின் உருவம் என்று வரைந்துவிடுகின்றன. அவர் அப்படிப்பட்டவரே அல்ல. அதற்கு ஒரு வருடம் முன்புதான், 1944 ஜூலையில், ராணுவ அதிகாரியாக டெக்சாஸ் முகாமில் இருந்தபோது, பேருந்தில் பின்னால் போய் உட்காரச் சொன்ன ஓட்டுநரிடம் முடியாது என்று சொன்னவர். அதற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குற்றமற்றவர் என்று விடுதலையானவர். சண்டை போடத் தெரிந்த மனிதர் வாயை மூடிக்கொள்ள ஒப்புக்கொண்டார். அந்த மௌனம் ஒவ்வொரு நாளும் அவர் உடம்பிலிருந்து எடுத்துக்கொடுத்த கூலி. நாவல் அதை அவருடைய குணமாகக் காட்டுகிறதா, அவர் செய்த வேலையாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ரிக்கியையும் அப்படியே பாருங்கள். மதப்பற்று, நியாய உணர்வு, ஜெயிக்கும் ஆசை, டிக்கெட் வருமானம் எல்லாம் அவருக்குள் சேர்ந்தே இருந்தன. அவரைத் தனி ஒரு மீட்பராக்கும் நாவல் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. கறுப்பினத்தவரின் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரில் வென்டெல் ஸ்மித் போன்றவர்கள் பல வருடங்களாக எழுதி எழுதித்தான் அந்தக் கதவு அசைந்தது.

களத்தில் அந்த மௌனத்தின் விலை என்னவென்று ஏப்ரல் 22 அன்று தெரிந்தது. ஃபிலடெல்ஃபியா அணி எபெட்ஸ் ஃபீல்டுக்கு வந்தது. அதன் மேனேஜர் பென் சாப்மனும் அவர் ஆட்களும் களத்தோரம் அணியினர் அமரும் டக்அவுட்டில் உட்கார்ந்துகொண்டு ராபின்சனை இனப்பெயர் சொல்லி ஏசிக்கொண்டே இருந்தார்கள். தான் உடைந்துபோகும் நிலைக்கு மிக அருகில் வந்த நாள் அதுதான் என்று ராபின்சன் பிற்காலத்தில் எழுதினார். விஷயம் வெளியே தெரிந்து கண்டனம் எழுந்ததும், மே மாதம் இருவரையும் சேர்த்து ஒரு புகைப்படம் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தப் படம் இன்றும் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். இருவரும் கைகுலுக்கவில்லை. நடுவே ஒரு பேட் இருக்கிறது, ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள். மரக்கட்டையைத் தொட்டார்கள், ஒருவரையொருவர் தொடவில்லை. சமரசம் என்று மறுநாள் பத்திரிகையில் போடுவதற்கு அது போதுமானதாக இருந்தது. நல்ல நாவலாசிரியர் கையில் கிடைத்தால் இந்த ஒரு பேட் ஒரு அத்தியாயம் ஆகும்.

இன்னொரு தொடுகை பற்றியும் சொல்ல வேண்டும். கென்டக்கியில் வளர்ந்த வெள்ளை வீரர் பீ வீ ரீஸ், கூட்டம் ஏசிக்கொண்டிருந்தபோது ராபின்சன் அருகே நடந்து வந்து தோளில் கை போட்டார் என்ற கதை. புரூக்ளினில் சிலையாகவே அதை வைத்திருக்கிறார்கள். 1947-இல் சின்சினாட்டியில் நடந்தது என்பார்கள் சிலர், 1948-இல் பாஸ்டனில் என்பார்கள் சிலர். எப்போது, எங்கே, எந்த வடிவில் நடந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. ரீஸ் நண்பராக இருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு நொடியை நாவல் எந்த இடத்தில் வைக்கிறது, அதைக் கொண்டு யாரை ஆறுதல்படுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். பல கதைகளில் அது வெள்ளை வாசகருக்குக் கிடைக்கும் ஆறுதல்.

சோழர் கதைகளை வாசித்து வளர்ந்த நமக்கு, வரலாற்று நாவலில் எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் கொஞ்சம் உண்டு. இங்கே அது இன்னும் எளிது. தேதி, ஸ்கோர், மேனேஜர் பெயர் எல்லாம் ஆவணம். அறைக்குள் பேசிய பேச்சு, சிறுவனின் அப்பா, அடுத்த வீட்டுப் பெண்மணி எல்லாம் பெரும்பாலும் கற்பனை. பல நாவல்களின் கடைசியில் ஆசிரியர் குறிப்பு இருக்கும். அதை முதலில் வாசித்துவிடுவது என் வழக்கம். கதையின் சுவை அதனால் கெட்டதில்லை.

பேச்சுமொழி பற்றி ஒரு எச்சரிக்கை. 'நீக்ரோ' என்ற சொல் அந்தக் காலத்தில் மரியாதையாகவே வழங்கியது. கறுப்பின மக்களே தங்கள் லீக்குகளுக்கு வைத்த பெயர் நீக்ரோ லீக். அதே எழுத்தில் தொடங்கும் இன்னொரு சொல் அப்பட்டமான வசை. ஆங்கில நாவலில் ஒரு பாத்திரம் எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது என்பதிலேயே அதன் மனம் தெரிந்துவிடும். மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு வாசிப்பவர்கள் இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட்டால், அந்த வேறுபாடு முழுவதும் போய்விடும்.

என்னை மிகவும் தொந்தரவு செய்யும் பகுதிக்கு வருகிறேன். 'இன ஒருங்கிணைப்பு' என்று இதை அழைக்கிறோம். இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தானே ஒருங்கிணைப்பு? 1920-இல் கான்சாஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அதைச் சுற்றிப் பல நகரங்களில் கறுப்பினத்தவர் நடத்திய அணிகள், எழுதிய பத்திரிகைகள், ஞாயிற்றுக்கிழமை நல்ல உடை உடுத்திக்கொண்டு ஆட்டம் பார்க்க வரும் குடும்பங்கள் என்று ஒரு முழு உலகமே வளர்ந்தது. 1945-இல் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியிலிருந்துதான் ராபின்சனை ரிக்கி எடுத்தார். அந்த அணிக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. நியூவார்க் ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் எஃபா மேன்லி இதைக் கண்டித்துக் குரல் கொடுத்தவர். அவருடைய அணி வீரர் லாரி டோபியை 1947 ஜூலையில் கிளீவ்லாந்து எடுத்தபோது அதன் உரிமையாளர் பில் வெக் விலை கொடுத்தார்: 15,000 டாலர். வெள்ளை வீரர் ஒருவருக்கு இதைவிட எத்தனை மடங்கு கொடுத்திருப்பீர்கள் என்று மேன்லி கேட்டதில் நியாயம் இருந்தது.

ஆட்டக்காரர்கள் போனார்கள், ரசிகர்களும் பின்னாலேயே போனார்கள். ஃபாஸ்டரின் லீக் 1931-இல் நின்றுபோய், 1933-இல் அதே பெயரில் புதிதாகத் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக் 1948 சீசனோடு முடிந்தது. உள்ளே எடுக்கப்பட்டவர்கள் இளம் ஆட்டக்காரர்கள் சிலர். நடுவயது வீரர்கள், மேனேஜர்கள், அணி நடத்தியவர்கள், கணக்கு எழுதியவர்கள் எல்லாம் வெளியே நின்றார்கள். நீக்ரோ லீக்கின் ஆகப்பெரிய பேட்டர் என்று பலரும் சொல்லும் ஜாஷ் கிப்சன், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதம்கூட இல்லாத நிலையில், 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்துபோனார். நீக்ரோ லீக்கின் புகழ்பெற்ற பிட்சர் சாட்சல் பேய்ஜுக்கு வாய்ப்புக் கிடைத்தது, 42 வயதில்.

எழுதி வைப்பது பற்றிச் சொன்னேன் அல்லவா? நீக்ரோ லீக் ஆட்டங்களின் எண்கள் மேஜர் லீக் கணக்கில் சேரவே இல்லை. ஆய்வாளர்கள் பழைய கறுப்பினப் பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி ஆட்ட விவரங்களைத் திரும்பச் சேகரித்தார்கள். 2020-இல்தான் அந்த லீக்குகளையும் மேஜர் லீக் என்று ஏற்றுக்கொண்டார்கள். 2024-இல் எண்களைச் சேர்த்துப் பார்த்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் ஜாஷ் கிப்சனுக்கு: .372, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 372 ஹிட் என்ற கணக்கு. பல தலைமுறைகளாக அந்த இடத்தில் இருந்த டை காபின் .367 இரண்டாவதானது. கிப்சன் இறந்து 77 வருடம் ஆகியிருந்தது.

ஆகவே நாவலில் யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பது முக்கியம். வெள்ளைச் சிறுவன் வழியாகச் சொன்னால், வானொலியில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே அவன் மெல்ல மாறுவதை நெருக்கமாகப் பார்க்கலாம். அது ஒரு நல்ல வாசல். ஆனால் அந்த ஜன்னலிலிருந்து நியூவார்க் அரங்கம் காலியாவது தெரியாது. அந்தச் சிறுவன் தூங்கப்போன பிறகு ராபின்சன் வீட்டில் அவர் மனைவி ரேச்சல் என்ன கடிதங்களைப் பிரித்தார் என்பதும் தெரியாது. முடிந்தால் இரண்டு நாவல்களைச் சேர்த்து வாசியுங்கள்: ஒன்று புரூக்ளின் பக்கத்திலிருந்து, மற்றொன்று நீக்ரோ லீக் அணியின் பேருந்துக்குள்ளிருந்து.

நான் வாங்கிய நாவல் ஏப்ரல் 15, 1947 அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. கூட்டம் கலைகிறது, சிறுவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறான். வாசித்து முடித்தபோது அதற்குப் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம் இருந்தது. பென்சிலால் அதில் சில தேதிகளை எழுதி வைத்தேன். ஜூலை 5, 1947: லாரி டோபி, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரர். 1955: புரூக்ளின் டாட்ஜர்ஸ் முதன்முறையாக மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது, ராபின்சனும் அதில் இருந்தார். ஜூலை 21, 1959: பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காகப் பம்ப்சி கிரீன் களமிறங்கினார், 16 அணிகளில் கறுப்பின வீரரைக் கடைசியாகச் சேர்த்த அணி அது. அக்டோபர் 15, 1972: உலகத் தொடர் விழாவில் ராபின்சனைக் கௌரவித்தபோது, கறுப்பின மேனேஜர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று மைக்கில் கேட்டார். ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 24 அன்று, 53 வயதில் இறந்தார். ஏப்ரல் 8, 1975: கிளீவ்லாந்து, முதல் கறுப்பின மேனேஜர் ஃபிராங்க் ராபின்சன். அன்றைய ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சம்பிரதாயப் பந்தை வீசியவர் ரேச்சல்.